முடக்கியது யார், ஆணை எங்கே? – இணையப் பேச்சுரிமை: வாசகர் கேள்வி பதில்

பதிவு காணாமல் போனது, கணக்கு முடங்கியது, தளம் திறக்கவில்லை என்று வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பெரும்பாலானவை இந்தியச் சட்டம் பற்றியவை. ஐரோப்பாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த கடிதங்களும் உண்டு.

யூடியூபில் நான் போட்ட வீடியோ இந்தியாவில் திறக்கவில்லை. துபாயில் இருக்கும் என் தம்பிக்குத் திறக்கிறது. யாரிடம் முறையிடுவது?
– வாசகர், மதுரை

உங்கள் வீடியோ நீக்கப்படவில்லை, இந்தியாவுக்கு மட்டும் மறைக்கப்பட்டிருக்கிறது. இந்த வேறுபாட்டை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். தன் சொந்த விதியை மீறியதாக நிறுவனம் கருதினால், பெரும்பாலும் உலகம் முழுக்க எடுத்துவிடும். ஒரு நாட்டில் மட்டும் மறைந்தால், அந்த நாட்டின் அரசோ நீதிமன்றமோ கேட்டிருக்க வேண்டும்; அல்லது பதிப்புரிமைக்காரர் அந்த நாட்டுக்கு மட்டும் தடுத்திருக்க வேண்டும்.

வீடியோ இருந்த இடத்தில் வரும் வாசகத்தை எழுத்து விடாமல் படியுங்கள். தேசப் பாதுகாப்பு அல்லது பொது ஒழுங்கு தொடர்பான அரசு ஆணை என்று இருந்தால், அநேகமாக, இணையப் பதிவுகளை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. வெறுமனே சட்டப் புகார் என்று இருந்தால் நீதிமன்ற ஆணையாகவோ அதே சட்டத்தின் 79வது பிரிவின் கீழ் வந்த அறிவிப்பாகவோ இருக்கலாம். எக்ஸ் தளத்தில் சட்டக் கோரிக்கையின்பேரில் இந்தியாவில் நிறுத்திவைக்கப்பட்டது என்று வரும்.

அடுத்து, கணக்கோடு இணைத்த மின்னஞ்சலைத் தேடுங்கள், ஸ்பாம் பெட்டி உட்பட. நிறுவனம் அனுப்பும் ஒற்றை மின்னஞ்சல் அங்கே கிடப்பது வழக்கம். அன்றைக்கே செய்ய வேண்டிய வேலைகள் இவை: முகவரிப் பட்டையும் தேதியும் நேரமும் தெரியும்படி திரைப்பிடிப்பு, தம்பியின் பக்கத்திலிருந்தும் அதே போல் ஒன்று, மூல வீடியோவின் பிரதி, மின்னஞ்சலை அச்செடுப்பதோடு நிற்காமல் அதன் மூலக் கோப்பையும் சேமிப்பது. இவற்றின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) கணக்கிட்டு வையுங்கள். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63வது பிரிவின்படி மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் அந்த மதிப்பைக் குறிப்பிட வேண்டும். நாள் கடந்து கணக்கிட்டால், இடையில் கோப்பு மாறவில்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மூன்றே கேள்விகள் எழுதுங்கள். எந்தத் துறை கேட்டது? எந்தப் பிரிவின் கீழ்? ஆணையின் எண்ணும் தேதியும் என்ன? விதிமீறலுக்கான மேல்முறையீட்டுப் பொத்தான் இங்கே உதவாது. "ரகசியம், சொல்ல முடியாது" என்று பதில் வந்தாலும் வருந்தாதீர்கள். உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226வது பிரிவின் கீழ் மனுப் போடும்போது, ஆணையைக் கேட்டும் கிடைக்கவில்லை என்பதற்கு அந்தப் பதிலே சான்று. மதுரைக்காரரான நீங்கள் சென்னைக்குப் போக வேண்டியதில்லை, மதுரைக் கிளையிலேயே தாக்கல் செய்யலாம்.

69ஏ என்கிறார்கள், சஹ்யோக் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?
– சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

இல்லை. இன்றைய சிக்கலின் வேரே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

69ஏ பிரிவு 2008 திருத்தத்தில் வந்தது, 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் முடக்க, குறிப்பிட்ட காரணங்களே செல்லும்: இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், பாதுகாப்பு, அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, இவை சார்ந்த பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றங்களைத் தூண்டுவதைத் தடுத்தல். அவதூறும் ஆபாசமும் இந்தப் பட்டியலில் இல்லை. அமைச்சரை விமர்சித்ததும் இல்லை.

முறையும் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு துறையின் பொறுப்பு அலுவலர் கோரிக்கை அனுப்ப வேண்டும். மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தில் இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத நியமன அலுவலர் அதைக் குழுவின் முன் வைக்க வேண்டும். குழுவில் சட்டம், உள்துறை, தகவல் ஒலிபரப்பு அமைச்சகங்களின் பிரதிநிதிகளும் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் பிரதிநிதியும் இருப்பார்கள். பதிவிட்டவருக்கு அல்லது இடைநிலை நிறுவனத்துக்கு 48 மணி நேரத்துக்குக் குறையாத அவகாசத்தோடு அறிவிப்புப் போக வேண்டும். அவசரம் என்றால் அறிவிப்பின்றி முடக்கலாம், ஆனால் 48 மணி நேரத்துக்குள் விஷயம் குழுவின் முன் வந்தாக வேண்டும். ஆணைக்குக் கீழ்ப்படியாத நிறுவன அதிகாரிக்கு 7 ஆண்டு வரை சிறை. நிறுவனங்கள் ஏன் வாதாடாமல் பணிகின்றன என்று கேட்பவர்கள் இந்தக் கடைசி வரியை நினைவில் வைக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில், புண்படுத்தும் இணையச் செய்திகளைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை ரத்துசெய்தது, 69ஏ பிரிவை நிலைநிறுத்தியது. நிலைநிறுத்தியதற்குச் சொன்ன காரணங்கள் முக்கியமானவை: குழு இருக்கிறது, காரணம் எழுத்தில் பதிவாகிறது, அதனால் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும். நடைமுறையில் என்ன நடந்தது? "பதிவிட்டவருக்கு அல்லது நிறுவனத்துக்கு" என்ற சொற்றொடரில் உள்ள "அல்லது"வைப் பிடித்துக்கொண்டு, நிறுவனத்துக்கு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். 2009 முடக்க விதிகளின் 16வது விதி கோரிக்கையையும் நடவடிக்கையையும் ரகசியம் என்கிறது. எழுதியவருக்கு ஆணையே கிடைக்காதபோது எதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போவது? இந்த விதிகளை எதிர்க்கும் மனுவை 2025 மார்ச்சில் விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, அடையாளம் காணக்கூடிய நபர் என்றால் அவருக்கு அறிவிப்புத் தர வேண்டும் என்ற கருத்தை வாய்மொழியாக வெளியிட்டது.

சஹ்யோக் வேறு வழி. 79வது பிரிவு, பயனர் எழுதியதற்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்காமல் காக்கும் பிரிவு. அதன் 79(3)(பி) உட்பிரிவு, சட்டவிரோதப் பதிவைப் பற்றி அரசு தெரிவித்த பிறகும் நீக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு 2024 அக்டோபரில் உள்துறை அமைச்சகத்தின் இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் சஹ்யோக் வலைவாசலைத் தொடங்கியது. மத்திய, மாநில அமைப்புகள் அதன் வழியாக நேரடியாக நிறுவனங்களுக்கு நீக்கல் அறிவிப்பு அனுப்புகின்றன. 69ஏ வழியில் இருக்கும் குழு இங்கே இல்லை. பதிவிட்டவரைக் கேட்கும் கட்டமும் இல்லை. காரணங்களும் குறுகிய பட்டியலுக்குள் நிற்பதில்லை, எந்தச் சட்டத்தை மீறியதாகவும் சொல்லலாம்.

எக்ஸ் நிறுவனம் இதை எதிர்த்துப் போட்ட வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பர் 24 அன்று தள்ளுபடி செய்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது. அதன்பின் தகவல் தொழில்நுட்ப விதிகளுக்கு வந்த திருத்தம் 2025 நவம்பர் 15 முதல் அமலானது. இணைச் செயலாளர் நிலை அதிகாரியும் (அந்தப் பதவி இல்லாத இடத்தில் இயக்குநர் நிலை அதிகாரியும்), காவல்துறையில் அதற்கென அதிகாரம் பெற்ற டிஐஜியும்தான் இனி அறிவிப்பு அனுப்பலாம். சட்ட அடிப்படையையும் இணைய முகவரியையும் குறிப்பிட வேண்டும். மாதம் ஒருமுறை செயலாளர் நிலையில் மறுஆய்வு நடக்க வேண்டும். இது முன்னேற்றம்தான். ஆனால் 2026 பிப்ரவரி 20 முதல், நீக்குவதற்கான 36 மணி நேரத்தை 3 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். 3 மணி நேரத்தில் எந்த நிறுவனத்தின் வழக்கறிஞரும் ஒரு பதிவை ஆற அமரப் படித்து, இது நையாண்டியா குற்றமா என்று எடைபோட மாட்டார். நீக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார். பேச்சுரிமைக்கு நேர்ந்திருக்கும் பெரிய கேடு இந்த நேரக் குறைப்பு என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஒரே ஒரு கேலிச்சித்திரத்துக்காக முழுத் தளத்தையும் முடக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?
– வாசகர், கோவை

விகடன் விவகாரத்தைக் கேட்கிறீர்கள். 2025 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிடப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட நேரத்தில், டிரம்ப் அருகில் பிரதமர் விலங்கோடு அமர்ந்திருப்பது போன்ற கேலிச்சித்திரம் விகடன் பிளஸ் இணைய இதழில் வந்தது. தமிழக பாஜக தலைவராக இருந்த அண்ணாமலை புகார் கொடுத்தார். பிப்ரவரி 15 மாலை முதல் விகடன் தளம் பலருக்குத் திறக்கவில்லை. முறையான அறிவிப்பு எதுவும் தங்களுக்கு வரவில்லை என்று நிறுவனம் அப்போது சொன்னது.

செய்தித் தளங்களுக்கு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின் மூன்றாம் பாகம் பொருந்தும். அங்கே கோரிக்கையைக் கையாள்வது தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். 16வது விதிப்படி அவசர ஆணை போடலாம், 48 மணி நேரத்துக்குள் துறைகளுக்கு இடையேயான குழுவின் முன் வைக்க வேண்டும். (2009 முடக்க விதிகளிலும் 16 என்ற எண்ணில் ஒரு விதி உண்டு, அதுதான் மேலே சொன்ன ரகசிய விதி. மனு எழுதும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பரத சக்கரவர்த்தி இடைக்கால உத்தரவு தந்தார். அந்தச் சித்திரத்தை விகடன் தற்காலிகமாக எடுக்க வேண்டும், எடுத்ததும் அரசு தளத்தைத் திறந்துவிட வேண்டும். இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒரு பக்கத்துக்காக மொத்தத் தளத்தையும் பூட்டிவைக்க முடியாது என்பது நடைமுறையில் நிலைநாட்டப்பட்டது. அதே சமயம், சித்திரம் சட்டத்துக்கு உட்பட்டதா என்று முடிவாகும் முன்பே அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று. ஏறக்குறைய மூன்று வாரம் ஒரு நூற்றாண்டுப் பாரம்பரியமுள்ள பத்திரிகையின் தளமே இருண்டு கிடந்தது என்றால், ஊரில் தனி ஆளாகச் செய்தித் தளம் நடத்துபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவரிடம் வழக்கறிஞரும் இல்லை, அவருக்காகக் குரல் கொடுக்க ஊடகச் சங்கமும் இல்லை.

மனுவில் வலியுறுத்த வேண்டியது விகிதாச்சாரம். குறிப்பிட்ட பக்கத்தின் முகவரியை மட்டும் எடுக்கச் சொல்லாமல் தளத்தையே மூடியது ஏன் என்று கேளுங்கள். இன்னொரு முன்னுதாரணமும் கைகொடுக்கும். வரதட்சணையைக் கேலிசெய்து கணக்கிட்டுக் காட்டிய ஒரு நையாண்டித் தளம் 2018இல் முடக்கப்பட்டது. உருவாக்கியவர் வழக்குத் தொடுக்க, 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையின் நகலை அவருக்குத் தரவும், அவரை அழைத்து விசாரிக்கவும் சொன்னது. ரகசிய விதியைத் தாண்டி ஆணையைக் கேட்டு வாங்கலாம் என்பதற்கு அந்த உத்தரவு நல்ல ஆதாரம்.

சைபர் கிரைமிலிருந்து பேசுகிறோம், பதிவை உடனே நீக்குங்கள் என்று போன் வந்தது. நீக்கிவிட்டேன். சரிதானா?
– ஆசிரியர், விழுப்புரம்

பயந்து நீக்கியதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் மறுமுறை இப்படிச் செய்யுங்கள்.

பேசுபவரின் பெயர், பதவி, காவல் நிலையம், எந்தச் சட்டப் பிரிவு ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "எழுத்தில் தாருங்கள், வழக்கறிஞரைக் கேட்டுப் பதில் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். வைத்ததும் அந்த நிலையத்தின் அதிகாரபூர்வ எண்ணுக்கு நீங்களே அழைத்து உறுதிசெய்யுங்கள். போலி அதிகாரிகள் பெருகிவிட்ட காலம் இது.

79வது பிரிவு அறிவிப்பு நிறுவனத்துக்குப் போவது, உங்களுக்கு அல்ல. உங்களுக்குக் காவல்துறை தரக்கூடியவை முக்கியமாக இரண்டு: விசாரணைக்கு வரச்சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) அறிவிப்பு, ஆவணம் கேட்கும் 94வது பிரிவு அறிவிப்பு. 35வது பிரிவு அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. முறையாகக் கையில் வந்தால் மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள், போகாவிட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகலாம்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. வழக்குப் பதிவான பின் பதிவை அழித்தால், சான்றை அழித்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 241வது பிரிவைக் காட்டலாம். நீக்கத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், முதலில் முழுப் பிரதி எடுங்கள், கருத்துகளும் தேதியும் தெரியும்படி. பிறகு அழிக்காமல் "எனக்கு மட்டும்" என்று மாற்றிவையுங்கள்.

எழுத்துக்காக முதல் தகவல் அறிக்கை பதிவானால், உச்ச நீதிமன்றத்தின் 2025 மார்ச் 28 இம்ரான் பிரதாப்கடி தீர்ப்பை வழக்கறிஞரிடம் நினைவூட்டுங்கள். 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனையுள்ள பேச்சுக் குற்றச்சாட்டுகளில், வழக்குப் பதியும் முன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்வதே பொருத்தம் என்கிறது அது.

ஒரு தளம் திறக்கவில்லை என்றால் முடக்கமா, பழுதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– கணினி மைய உரிமையாளர், சேலம்

முதலில் வேறு நிறுவனத்தின் இணைப்பில் பாருங்கள். வீட்டு பிராட்பேண்டில் திறக்காதது கைபேசி டேட்டாவில் திறந்தால், பழுது தளத்தில் இல்லை. இந்திய முடக்கத்தில் இந்த முரண் சகஜம். அமைச்சகம் தொலைத்தொடர்புத் துறைக்குச் சொல்லி, அது உரிமம் பெற்ற ஒவ்வொரு இணைய நிறுவனத்துக்கும் பட்டியலை அனுப்புகிறது. ஒவ்வொருவரும் தத்தம் வசதிப்படி, தத்தம் வேகத்தில் முடக்குகிறார்கள்.

அடுத்து டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயருக்கு உரிய ஐபி முகவரியைத் தேடித் தரும் சேவை. கணினியில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். உடனே திறந்தால், உங்கள் நிறுவனம் பெயர்த்தேடலில் பொய்யான விடை தருகிறது என்று பொருள். என்எஸ்லுக்அப் கட்டளையைப் பழைய டிஎன்எஸ்ஸிலும் புதியதிலும் ஓட்டி, இரண்டு ஐபி முகவரிகளையும் ஒப்பிட்டு, அந்தத் திரையைப் பிடித்துவையுங்கள். டிஎன்எஸ் மாற்றியும் திறக்காமல், இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று உடனே வந்தால், எஸ்என்ஐ முறை. பாதுகாப்பான இணைப்பு தொடங்கும்போது உலாவி தளத்தின் பெயரை வெளிப்படையாக அனுப்புகிறது. அதைப் படித்து வழியிலேயே வெட்டிவிடுகிறார்கள். தொலைத்தொடர்புத் துறை ஆணைப்படி முடக்கப்பட்டது என்ற பலகை தெரிந்தால் உங்களுக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.

இவற்றை ஒரே செயலியில் செய்து, நேரத்தோடும் நிறுவனப் பெயரோடும் பொதுத்தளத்தில் பதிவது ஊனி ப்ரோப். இலவசம். அதன் முடிவு வெளிப்படையாகப் பதிவாவதால் வழக்குக்கும் பயன்படும். அந்தக் காரணத்தாலேயே, முடக்கப்பட்ட தளத்தைப் பார்க்க முயன்றது வெளியே தெரிவது உங்களுக்கு ஆபத்து என்றால் ஓட்டாதீர்கள்.

எல்லா முடக்கமும் அரசியல் என்று நினைக்கவும் வேண்டாம். புதுப்பட வெளியீட்டை ஒட்டி, அடையாளம் தெரியாத பிரதிவாதிகள் மீது வாங்கும் அசோக் குமார் ஆணைகளில் கண்மூடித்தனமாகத் தளங்களைச் சேர்ப்பது உண்டு. 2017 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தயாரிப்பு நிறுவனங்கள் கொடுத்த 2,600க்கும் மேற்பட்ட முகவரிகள் கொண்ட பட்டியலில், உலகத்தின் பொது நூலகமாகிய இன்டர்நெட் ஆர்க்கைவும் இருந்தது. இந்தியாவில் அது மூடப்பட்டது. பட்டியலை யாரும் சரிபார்க்கவில்லை என்பதே அதன் பொருள்.

விபிஎன் போட்டு முடக்கிய தளத்தைப் பார்த்தால் குற்றமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

நாடு முழுவதற்குமாக விபிஎன் (வேறு இடத்துச் சர்வர் வழியாக இணையத்தில் போகும் வசதி) பயன்பாட்டைத் தடைசெய்யும் சட்டம் இல்லை. ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் அவ்வப்போது தடை உத்தரவு போடுகிறார்கள், அங்கே மீறினால் வழக்கு வரும். பார்ப்பது வேறு, பரப்புவது வேறு: குற்றமான உள்ளடக்கத்தை விபிஎன் வழியாகப் பகிர்ந்தாலும் குற்றமே. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டதால், பல நிறுவனங்கள் தம் சர்வர்களை இந்தியாவிலிருந்து அகற்றிக்கொண்டன. இலவச விபிஎன் செயலிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

நவம்பர் வந்தால் மாவீரர் நாள் படங்களைப் பேஸ்புக் நீக்குகிறது. கணக்கே போய்விடுகிறது. இறந்த அண்ணனின் படத்தைப் போடக்கூட உரிமை இல்லையா?
– வாசகி, பாரிஸ்

உங்கள் வேதனை நியாயமானது, அக்கா. இங்கே எந்த அரசும் நேரடியாக உங்கள் படத்தை நீக்கச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவிடம் ஆபத்தான நபர்கள், அமைப்புகள் என்று ஒரு உள்பட்டியல் உண்டு. 2021 அக்டோபரில் தி இன்டர்செப்ட் என்ற அமெரிக்கச் செய்தித் தளம் அதை வெளியிட்டபோது விடுதலைப் புலிகள் அமைப்பும் அதில் இருந்தது. அந்தப் பட்டியலின் பெரும்பகுதி அமெரிக்க அரசின் பயங்கரவாதப் பட்டியல்களிலிருந்து வருகிறது. அமெரிக்கா 1997இல் புலிகளைச் சேர்த்தது. ஆக, வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்து, நிறுவன விதியாக மாறி, பாரிஸில் ஒரு தங்கை விளக்கேற்றும் படத்தை நீக்குகிறது. அரசும் நிறுவனமும் சேர்ந்து பேச்சை அடக்குவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. துக்கத்தையும் பிரச்சாரத்தையும் பிரித்தறிய ஆள் வேண்டும், தமிழும் வேண்டும். இயந்திரத்திடம் அதை விட்டிருப்பது பெரும் அநீதி.

எப்படி நீக்குகிறார்கள் என்று தெரிந்தால் தப்பிக்க வழி தெரியும். ஒரு படம் ஒருமுறை விதிமீறல் என்று படவங்கியில் சேர்ந்துவிட்டால், அதே படத்தை யார் எந்த வாசகத்தோடு போட்டாலும் தானாக நீங்கும். கொலம்பியக் காவல்துறையை விமர்சித்த ஒரு கேலிச்சித்திரம் இப்படித் தவறாக வங்கியில் சேர்ந்துபோனது. நீக்கத்தை எதிர்த்து 215 பேர் முறையிட்டார்கள், அவற்றில் 98 விழுக்காடு வென்றன. அப்படியும் படம் வங்கியிலேயே கிடந்தது. மெட்டாவின் நீக்க முடிவுகளை மறுஆய்வு செய்யும் மேற்பார்வை வாரியம் 2022இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

ஆகவே பலரும் பகிரும் பொதுப் படத்தைத் தவிருங்கள், குடும்ப ஆல்பத்திலிருந்து உங்கள் சொந்தப் படத்தைப் போடுங்கள். சீருடை, கொடி, சின்னம் இருந்தால் இயந்திரம் உடனே பிடிக்கும். பெயர், உறவு, இறந்த ஆண்டு ஆகியவற்றைப் படத்தின் குறிப்பிலேயே எழுதுங்கள், கீழே கருத்தில் அல்ல. நினைவேந்தல் குழுவின் பக்கத்தை ஒரே நிர்வாகியின் கணக்கில் தொங்கவிடாதீர்கள்; அவர் கணக்கு போனால் பக்கமும் கைவிட்டுப் போகும்.

நீக்கிவிட்டால், நீங்கள் பிரான்சில் இருப்பது பெரிய பலம். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. அதன் 17வது பிரிவுப்படி நிறுவனம் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 20வது பிரிவுப்படி குறைந்தது 6 மாதம் வரை உள்முறையீடு செய்யலாம், அதை இயந்திரம் மட்டுமே முடிவு செய்யக் கூடாது. 21வது பிரிவுப்படி நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துவைக்கும் சான்றளிக்கப்பட்ட அமைப்புக்குப் போகலாம். அயர்லாந்தில் இயங்கும் அப்பீல்ஸ் சென்டர் யூரோப் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் வழக்குகளை எடுக்கிறது. பயனருக்கு இலவசம் அல்லது பெயரளவுக் கட்டணம் என்று சட்டமே சொல்கிறது. அதன் முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் பதிவில் நிற்கும். மேற்பார்வை வாரியத்துக்குப் போவதானால், மெட்டாவின் இறுதி முடிவு வந்த 15 நாட்களுக்குள் போக வேண்டும். முடிவோடு வரும் குறிப்பு எண்ணை இழந்துவிடாதீர்கள். வாரியம் மிகச் சில வழக்குகளையே எடுக்கும், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

இந்தியாவில் இருப்பவர், நிறுவனமே தன் முடிவில் கணக்கை மூடினால் என்ன செய்வது? தனியார் மீது வழக்குப் போட முடியுமா?
– சிறுதொழில் செய்பவர், திருப்பூர்

வழக்குக்கு முன் ஏறவேண்டிய படி ஒன்று இருக்கிறது. செயலிக்குள் இருக்கும் மேல்முறையீடு போதாது. தளத்தின் இந்தியக் குறைதீர்ப்பு அலுவலருக்கு, அவர் பக்கத்தில் உள்ள படிவத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும். தீர்க்கும் அவகாசம் முன்பு 15 நாட்கள், 2026 திருத்தத்துக்குப் பின் 7 நாட்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் இரண்டைப் புகாரில் பெயர் சொல்லி எழுதுங்கள். 3(1)(என்): அரசமைப்பின் 14, 19, 21 பிரிவுகள் தரும் உரிமைகளை நிறுவனம் மதிக்க வேண்டும். 4(8): 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள தளம், விதிமீறல் என்று தானாக நீக்கும்போது காரணத்தை முன்கூட்டியே தெரிவித்து, மறுக்க வாய்ப்புத் தர வேண்டும்.

பதிலில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையவழியில் மனுச் செய்யலாம். 2023 மார்ச் முதல் இயங்குகிறது, வழக்கறிஞர் தேவையில்லை. புகார் எண் இல்லாமல் போகிறவர்களின் மனு நிற்காது. 69ஏ ஆணையை இந்தக் குழுவால் திருப்ப முடியாது. குழுவை நியமிப்பதும் மத்திய அரசே என்பதால், அரசை விமர்சித்த பதிவுக்கு இதை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி சரியானது. கணக்குப் பறிபோன வியாபாரிக்கு இது பயனுள்ள வழி.

தனியார் மீதும் 19, 21 பிரிவு உரிமைகளை வலியுறுத்தலாம் என்று உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு 2023 ஜனவரியில் பெரும்பான்மையாகச் சொன்னது. அதை நம்பி நேரே டெல்லிக்கு ஓடாதீர்கள். 2025 அக்டோபரில் வாட்ஸ்அப் கணக்கு முடக்கப்பட்ட மருத்துவர் ஒருவர் போனபோது, நீதிபதிகள் மனுவை ஏற்காமல், சோஹோவின் அரட்டை செயலியைப் பயன்படுத்தலாமே என்றார்கள்.

எங்கள் விமர்சன வீடியோவை, அதில் வரும் 8 விநாடிக் காட்சிக்காகப் பதிப்புரிமைப் புகார் கொடுத்து எடுத்துவிட்டார்கள்.
– யூடியூப் குழுவினர், சென்னை

விமர்சனத்தை வாயடைக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஆணையும் வேண்டாம், அதிகாரியும் வேண்டாம், ஒரு படிவம் போதும். 90 நாட்களில் 3 ஸ்ட்ரைக் (பதிப்புரிமை எச்சரிக்கை) விழுந்தால் சேனல் போய்விடும் என்பதால், பலர் பணம் கொடுத்துச் சமரசம் ஆகிவிடுகிறார்கள். புகார் தவறு என்று யூடியூபுக்கு எதிர்அறிவிப்புக் கொடுங்கள். புகார்தாரர் 10 வேலைநாட்களுக்குள் நீதிமன்றம் போனதற்குச் சான்று காட்டாவிட்டால் வீடியோ திரும்பும். எதிர்அறிவிப்பில் உங்கள் பெயரும் முகவரியும் புகார்தாரருக்குப் போகும், அதை யோசித்துக்கொண்டு கொடுங்கள். விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான பயன்பாட்டை நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவு அனுமதிக்கிறது. அதன் 52(1)(சி) இடைநிலை நிறுவனத்துக்கு வந்த புகாருக்கு 21 நாள் வரம்பும் வைக்கிறது. அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் நிறுவனம் மீண்டும் திறக்கலாம்.

தூத்துக்குடியில் 2018இல் இணையத்தையே நிறுத்தினார்கள். இன்று அப்படிச் செய்தால் கேட்க வழி உண்டா?
– வாசகர், தூத்துக்குடி

ஸ்டெர்லைட் துப்பாக்கிச்சூட்டுக்குப் பின், மே 23 அன்று தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் நிறுத்தினார்கள். யார் எங்கே அடிபட்டார், எந்த மருத்துவமனையில் கிடக்கிறார் என்று குடும்பங்கள் தேடிய நேரம் அது. 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் அனுராதா பாசின் தீர்ப்பு, இத்தகைய ஆணைகளை வெளியிட்டே ஆகவேண்டும் என்றது. இப்போது தொலைத்தொடர்புச் சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றிய 2024 நவம்பர் விதிகள் பொருந்தும். மாநிலத்தில் உள்துறைச் செயலாளரே ஆணையிடலாம். காரணமும் பகுதியும் காலமும் எழுதி வெளியிட வேண்டும். 15 நாட்களுக்கு மேல் கூடாது. 5 நாட்களுக்குள் மறுஆய்வுக் குழு கூட வேண்டும். ஆகவே இணையம் நின்றதும் முதலில் தேடவேண்டியது வெளியிடப்பட்ட ஆணை. இல்லையென்றால் அதுவே வழக்குக் காரணம். குழு கூடியதா, அதன் முடிவு என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முடக்க ஆணை நகல் கேட்டேன். 8(1)(ஏ) என்று மறுத்துவிட்டார்கள்.
– ஓய்வுபெற்ற ஊழியர், தஞ்சாவூர்

8(1)(ஏ) என்பது நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்கும் பிரிவு. ஆணையைக் கேட்டால் மறுப்பார்கள், எண்ணிக்கையையும் நடைமுறையையும் கேளுங்கள். அந்த ஆண்டில் குழு எத்தனை முறை கூடியது? எத்தனை கோரிக்கைகளை நிராகரித்தது? பதிவிட்டவருக்கு அறிவிப்புப் போனவை எத்தனை? இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டிய மறுஆய்வுக் குழு எந்தெந்தத் தேதியில் கூடியது, ஏதாவது ஆணையை ரத்துசெய்ததா? இவற்றில் நாட்டின் பாதுகாப்பு எதுவும் இல்லை. மறுத்தால் 10வது பிரிவைக் காட்டி, தரக்கூடிய பகுதியை மட்டும் பிரித்துத் தரச் சொல்லுங்கள். 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் முடிவிலிருந்து 90 நாட்களுக்குள் தகவல் ஆணையம். உங்கள் தொகுதி எம்பி மூலம் நாடாளுமன்றக் கேள்வியாகப் போனால் இன்னும் நல்லது. 69ஏ பிரிவில் 2014இல் 471 முகவரிகள் முடக்கப்பட்டன, 2020இல் 9,849 என்ற கணக்கு நாடாளுமன்றத்தில் அரசு தந்த பதில்களிலிருந்துதான் நமக்குக் கிடைத்தது.

இலங்கையில் நிலைமை என்ன?
– வாசகர், யாழ்ப்பாணம்

2007இல் ஈழத் தமிழர் செய்தித் தளமான தமிழ்நெட்டை இணைய நிறுவனங்கள் மூலம் முடக்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் கண்டி வன்முறையின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னும், 2022 ஏப்ரல் 3 அன்றும் சமூக ஊடகங்களை மூடினார்கள். 2024 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ள நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவுக்கு "பொய்யான கூற்று" எது என்று தீர்மானித்து நீக்கச் சொல்லும் அதிகாரத்தைத் தருகிறது. அறிவித்தல் உங்கள் பெயருக்கே வரக்கூடும், 24 மணித்தியால அவகாசத்தோடு. வந்தால் அந்த நேரத்துக்குள் சட்டத்தரணியைப் பார்த்துவிடுங்கள்; அறிவித்தல் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த வழியில் கிடைத்தது என்பதற்கான சான்றையும் கையோடு கொண்டுபோங்கள்.